கயிறு அறுக்கும் கணக்கு

அந்த மென்பொருளை வகுப்பில் ஓடவிட்ட முதல் நாளே ஒரு பையனின் மூக்கு உடைந்தது. இரத்தம் மேசையில் சொட்ட, அடித்தவன் என்னைப் பார்த்து, "மிஸ், அவன் என் கயிற்றை அறுத்துவிட்டான்" என்றான். நியாயம் முழுவதும் தன் பக்கம் என்ற முகம். நான் கையிலிருந்த டஸ்டரை மேசையில் அறைந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்தார். மூக்கு உடைந்தவன் அப்போதும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடுத்த கணக்குக்கு விடையை அழுத்திக்கொண்டிருந்தான்.

நான் மெல்பேர்னின் மேற்கு முனையில், வெரிபீயில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணித வகுப்புகளுக்கு ஒரு மென்பொருள் வாங்கப் பள்ளிக்கூடம் யோசித்தது. வாங்குமுன் எட்டாம் வகுப்பில் ஒரு தவணை ஓட்டிப் பார்த்து மதிப்பிட மூன்று ஆசிரியர்களை நியமித்தார்கள். அதில் ஒருத்தி நான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். வாங்கின பிறகு எல்லோரையும் வறுத்தெடுப்பதை விட இவள் முதலிலேயே கத்தித் தீர்க்கட்டும் என்று துணை அதிபர் நினைத்திருப்பார்.

மென்பொருள் இதுதான். திரையில் ஒரு மலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை மனிதன், இடுப்பில் கயிறு. கணக்குச் சரியென்றால் பொம்மை ஏறும். பிழையென்றால் கால் வழுக்கி, "ஆ..." என்று அலறிக்கொண்டு விழும். தொடர்ந்து மூன்று கணக்குச் சரியாகச் செய்தால் ஒரு கத்தி கிடைக்கும். அந்தக் கத்தியால் வகுப்பில் யாருடைய கயிற்றையும் அறுக்கலாம். அறுபட்டவன் விழுவான், அறுத்தவனின் பெயர் எல்லோர் திரையிலும் பளிச்சென்று வரும். இதை உருவாக்கியவர்கள் பிள்ளைகளை எப்போதாவது கண்ணால் கண்டவர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. கோதாரி விழுந்த மலை என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்தேன்.

வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பொம்மைகள் அலறும். பிள்ளைகள் பின்னங்களைப் பெருக்கியது உச்சிக்குப் போக அல்ல, கத்திக்காக. இன்றைக்கு யாரை அறுப்பது என்று இடைவேளையிலேயே பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள். கதிரையைத் தூக்கி அடித்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் கையைக் கடித்தே விட்டாள். இதையெல்லாம் மதிப்பீட்டுக் கூட்டத்தில் சொன்னேன். குழுவில் ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் எதைக் கண்டாலும் சிரிப்பார். "எவ்வளவு ஈடுபாடு என்று பாருங்கள்!" என்றார். "பல் பதிந்திருக்கிறது, அதுவும் ஈடுபாடுதானா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

கத்தியைக்கூட நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் மென்பொருள் பெற்றோரின் போனுக்கு ஒரு படம் அனுப்பும். அதில் மலை, உங்கள் பிள்ளை நிற்கும் இடம், அதற்கு மேலேயும் கீழேயும் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் முதலெழுத்துகள். ஏறியிருந்தால் பச்சை அம்பு, விழுந்திருந்தால் சிவப்பு. இதை மட்டுமாவது நிறுத்துங்கள் என்று முதற் கூட்டத்திலேயே சொன்னேன். பெற்றோருக்கு அறியும் உரிமை உண்டு என்றார் துணை அதிபர். எங்கள் தமிழ் ஆட்களை உங்களுக்குத் தெரியாது என்றேன். ஒரு சமூகத்தைப் பற்றி அப்படிப் பொதுவாகப் பேசக்கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார். வந்ததே கோபம்! வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தண்ணீரை எடுத்து மடக்மடக்கென்று குடித்தேன்.

நான் பயந்தது முதல் படம் வந்த மறுநாளே நடந்தது. எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளும் வரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் உள்ளே படிக்க, தகப்பன்மார் கார் தரிப்பிடத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்பது வழக்கம். அன்றைக்கு எல்லோர் போனிலும் மலைப்படம். யார் மகன் மேலே, யார் மகள் கீழே என்று அதே பேச்சு. மன்னார்க்காரர் ஒருவர், பகிடியாகத்தான், என் அண்ணாவிடம், "என்னண்ணை, உங்கட மகள் இன்னும் பாதி மலையில நிண்டு இளைப்பாறுறாவோ? மாமியே கணக்கு ரீச்சர், பிறகென்ன?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணா தேநீரை அவர் முகத்தில் ஊற்றினார். அடுத்து இருவரும் கட்டிப் புரண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மன்னார்க்காரரின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, அண்ணாவின் சேர்ட்டில் ஒரு பொத்தானும் இல்லை. மலை ஏறினது பிள்ளைகள், தாரில் உருண்டது தகப்பன்மார்.

அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தவர். கம்பஸுக்குப் போக இருந்த வருடம் சண்டை மூண்டு, அந்தப் படிப்பு அத்தோடு போயிற்று. இங்கே மல்கிரேவில் ஒரு அலுவலகத்தில் வேலை. வெரிபீயிலிருந்து மல்கிரேவ் என்றால் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை. காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறுவார், மாலையில் அதே பல்லைக் கடித்தபடி இறங்குவார்.

சின்ன வயதில் அப்பா எங்களிடம் வாய்ப்பாடு கேட்கும்போது கையில் பூவரசந்தடி இருக்கும். ஒருநாள் நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் நடுவில் நின்றுவிட்டேன். அப்பா தடியை ஓங்கினார். அண்ணா என்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இடையில் வந்து நின்றார். அடி அவருடைய இடது காதில் விழுந்தது. காதிலிருந்து இரத்தம் வந்தது. இன்றுவரை அந்தக் காது அவருக்குச் சரியாகக் கேட்காது. எனக்காக வாங்கின அடி அது. அதனால் நான் யாரோடும் சண்டை பிடிப்பேன், அண்ணாவோடு மட்டும் பிடித்ததில்லை.

அவருடைய மகள் என் எட்டாம் வகுப்பில்தான் இருந்தாள். கணிதத்தில் நடுத்தரம். அவசரப்படமாட்டாள், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துச் செய்வாள். பள்ளிக்கூடத்தில் நான் "மிஸ்", தகப்பனின் தங்கச்சி என்பதால் வீட்டில்தான் "மாமி". கார் தரிப்பிடச் சண்டை முடிந்த திங்கட்கிழமை அவள் லப்டொப்பைத் திறந்தாள். அவளுடைய பொம்மை மலையுச்சியில் நின்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. இளம் ஆசிரியர் துணை அதிபரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். ஒரே வார இறுதியில் பாதி மலையிலிருந்து உச்சி, இதைவிட என்ன சான்று வேண்டும் என்றார். துணை அதிபர் கைதட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எனக்கு மென்பொருளில்தான் சந்தேகம் வந்தது. காரணமில்லாமல் பிள்ளையை மேலே தூக்கிவிடுகிறது என்று அன்றைய கூட்டத்தில் சொன்னேன்.

அந்த மலையில் ஏற ஏறக் கணக்கும் கடினமாகும். உச்சியில் நின்றவளுக்கு அது கொடுத்தது நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் நுண்கணிதம். எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? விழுந்தாள். விழுந்தவுடன் கணக்கு இலேசாகாது. பலதடவை விழுத்திய பிறகுதான் மென்பொருளுக்கு இரக்கம் வரும். அந்தக் கிழமை முழுக்க அவளுடைய பொம்மை அலறிக்கொண்டே விழுந்தது. உச்சியில் நின்றவளை அறுப்பது பெரிய பெருமை என்று கத்தி கிடைத்தவன் எல்லாம் அவளையே அறுத்தான். வெள்ளிக்கிழமை அவள் அடிவாரத்தில் கிடந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மறுபடியும் உச்சியில். ஆனால் அன்றைக்கு இடது கையால் விடை அழுத்தினாள். வலது கை மேசைக்குக் கீழே இருந்தது. மணி அடித்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"கையைக் காட்டு."

காட்டவில்லை.

"காட்டடி எண்டுறன்!"

நான் கத்தியதும் அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். நான் அடிக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்போதுதான் கையைக் கண்டேன். புறங்கை வீங்கி, அதன்மேல் நீளநீளமாகத் தடித்த கோடுகள். இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

"மாமி, ப்ளீஸ், கத்தாதேங்கோ" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை மாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆர் அடிச்சது?"

"அப்பா. லப்டொப் சார்ஜர் வயரால, அந்த அடாப்டரோட சேர்த்து."

"ஏன்?"

"நான் கீழ விழுந்திட்டன் எண்டு."

பிறகு மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கொட்டினாள். சனி ஞாயிறில் அப்பாதான் அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய் மலை ஏறுகிறாராம். உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இனி நீ பிடித்து வைத்திரு என்று லப்டொப்பை அவளிடம் கொடுப்பாராம். அவர் ஏறிய உயரத்துக்கான கணக்குகள் அடுத்த நாள் வகுப்பில் அவளுக்கு வரும்.

"உந்தக் கணக்கு எனக்குத் தெரியாது எண்டு அப்பாவுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் மாமி. அவர் எட்டாம் வகுப்பிலயே இதெல்லாம் செய்தவராம்."

பொய். அண்ணா எட்டாம் வகுப்பில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாதா?

இந்த நாட்டில் ஆசிரியருக்குச் சட்டம் தெளிவு. பிள்ளையின் உடம்பில் இப்படி அடிகாயம் கண்டால் அறிவித்தே ஆகவேண்டும், அடித்தது யாராக இருந்தாலும். எனக்கு அண்ணாவின் காது நினைவுக்கு வந்தது. பிறகு அவளுடைய மடங்காத விரல்களைப் பார்த்தேன். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நேரே துணை அதிபரின் அறைக்குப் போனேன். போன கிழமை கைதட்டிய மனுஷர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். அதிலிருந்துதான் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு அறிவித்தேன். மறுமுனையில் ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடித்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். கூடப்பிறந்த அண்ணா என்றேன். அந்தப் பக்கம் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

பிள்ளையை இன்றைக்கு அந்த வீட்டுக்கு அனுப்பவேண்டாம், நாளைக்கு எங்கள் ஆட்கள் போவார்கள், நீங்கள் போகவேண்டாம் என்றாள். வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எலும்பில் வெடிப்பு என்று கட்டுப் போட்டார்கள். பிள்ளையை என் வீட்டில் என் கணவரோடு விட்டுவிட்டு அண்ணா வீட்டுக்குப் போனேன். போகாதே என்றால் போகாமல் இருக்கிற பிறவியா நான்?

அண்ணி கதவைத் திறந்தார். அழுது வீங்கின முகம். பிள்ளை என்னிடம் இருப்பதை ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தேன். குசினி மேசையில், கதிரையின் நுனியில் இருந்து, அண்ணா தன் லப்டொப்பில் மலை ஏறிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போட்ட சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. என்னைக் கண்டதும் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் கண்டு எத்தனையோ காலம்.

"வா, வா, இஞ்ச வந்து பார். என்ன வடிவான கணக்கு! இப்பிடி ஒண்டு செய்து எவ்வளவு காலம்!"

"மகள் எப்பிடி எண்டு கேக்கேல்லையோ?"

"உன்னட்டத்தானே நிக்கிறாள். நிக்கட்டும். பொறு, இதை முடிச்சிட்டு வாறன்."

என் உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் கத்தவில்லை. எதிர்க் கதிரையில் இருந்து என் லப்டொப்பைத் திறந்தேன். மதிப்பிடுகிற ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு பொம்மை தந்திருந்தார்கள். எங்கள் பொம்மைகளுக்குப் பெயர் இல்லை, விருந்தினர் என்று மட்டும் காட்டும். மூன்று கணக்குச் செய்தேன். கத்தி வந்தது. மகளின் பெயரில் ஏறிக்கொண்டிருந்த அண்ணாவின் கயிற்றை அறுத்தேன்.

அவருடைய லப்டொப் அலறியது.

"சீ! ஆர் இந்த அறுவான்?" என்றார்.

மறுபடி ஏறினார். மறுபடி அறுத்தேன். அவர் மேசையில் குத்தினார், தேநீர்க் கோப்பை உருண்டது. இன்னும் வேகமாக ஏறினார். இன்னும் ஒரு தடவை அறுத்தேன். அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"கஷ்டப்பட்டு ஏறுறவனை இப்பிடி விழுத்திறதோ? மனுசரோ இதுகள்?"

"நோகுதோ அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டி என் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினார். அடுத்த கணம் என் கன்னத்தில் அறை விழுந்தது. பல் உதட்டில் வெட்டி வாய்க்குள் இரத்தம் கரித்தது. அண்ணி, "ஐயோ!" என்று ஓடிவந்து நடுவில் நின்றார்.

"விசரி! என்ர பிள்ளையை நான் மேல ஏத்த, நீ இருந்து விழுத்திறியோ?"

"உன்ர பிள்ளை எங்க ஏறினவள்? ஏறினது நீ. அடி வாங்கினது அவள்." வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நீ என்றேன். வாய் கூசவில்லை.

"நான் ஏத்தி வைச்சனான். பிடிச்சு வைச்சிருக்கத் தெரியாமல் விழுத்தினது ஆர்? அடிக்காமல் படிப்பு வருமே? நாங்கள் வாங்காத அடியே?"

"அறிவிச்சிட்டன்" என்றேன். "நாளைக்கு வருவினம். முகத்துக்கு நேர சொல்லத்தான் வந்தனான்."

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார். என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்காக நான் அடி வாங்கினவன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஓம். வாங்கினனீங்கள். அண்டைக்கு அப்பாவைச் சொல்லிக்குடுக்க எனக்கு ஒரு இடம் இருக்கேல்லை. இருந்திருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

அண்ணி அடுப்பை அணைத்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நானும் வாறன்" என்றார். நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தும்போது உள்ளே ஏதோ உடைந்து சிதறியது. லப்டொப்பாகத்தான் இருக்கும்.

விசாரணை முடியும்வரை அண்ணா மகளோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று மறுநாள் வந்த அதிகாரிகள் சொன்னார்கள். சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கும் சித்தப்பாவின் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் காதுபடவே பேசினார்கள். பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள், ஆனால் உங்கள் பிள்ளைகளின் கையை ஒருக்கால் என்னிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள் என்று நடுத் தரிப்பிடத்தில் நின்று கத்தினேன். அதற்குப் பிறகு யாரும் என் முன்னால் பேசவில்லை. கண்ணாடி உடைபட்ட மன்னார்க்காரர் மட்டும் கிட்ட வந்து, "நான் அந்தப் பகிடி விட்டிருக்கக் கூடாது ரீச்சர்" என்றார்.

கடைசி மதிப்பீட்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் வாங்கலாம் என்றார்கள், நான் கூடாது என்றேன். வாங்குவது என்று முடிவாயிற்று. கத்தியை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைப் படத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று துணை அதிபர் எழுந்தார். நான் போய்க் கதவை மறித்து நின்றேன். அதை நிறுத்துகிறோம் என்று சொல்லாமல் இந்த அறையை விட்டு ஒருவரும் போக முடியாது என்றேன். இளம் ஆசிரியர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. படம் நின்றது.

அண்ணாவின் மகள் இப்போது அடிவாரத்துக்குச் சற்று மேலே, தன் பின்னங்களோடு நிற்கிறாள். ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் விடை அழுத்துகிறாள். கட்டு அவிழ்த்தாயிற்று. ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுக்க மடங்குவதில்லை. இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, அதைக் காட்டிச் சிரிக்கவும் செய்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மாலை அண்ணா எனக்குப் போன் எடுத்தார். மகளோடு பேச அவருக்கு இன்னும் அனுமதி இல்லை.

"தங்கச்சி, இப்ப வெள்ளிக்கிழமையில ஒண்டும் வருதில்லையே?"

"படத்தை நிப்பாட்டியாச்சு."

"உனக்குத் தெரியும்தானே. சொல்லன், எவ்வளவு உயரத்தில நிக்கிறாள்? ஏறியிருக்கிறாளோ?"

"அண்ணா, அவளின்ர கை இன்னும் மடங்குதில்லை. அதை ஒருக்காக் கேக்கமாட்டீங்களோ?"

மெரிலேண்ட்ஸில் அவர் நின்ற வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டது. அவருக்கு அடி விழுந்தது இடது காதில். அப்பா எந்தப் பக்கம் நின்றார், தடி எப்படி வந்தது, எல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

"எந்தக் கை?" என்றார் அண்ணா.

போனைச் சுவரில் எறிந்தேன். திரைக் கண்ணாடி நொறுங்கி அது கவிழ்ந்து விழுந்தது. ஆனால் அணையவில்லை. தரையில் கிடந்தபடி அதற்குள்ளிருந்து அண்ணா, "ஹலோ... தங்கச்சி... எந்தக் கை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.